நினைவுச் சின்னங்கள் எதை வாடகைக்கு விடுகின்றன?

2017 பிப்ரவரியில் கிரேக்க நாட்டின் மத்தியத் தொல்லியல் குழு ஒரு விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றின்மேல், பார்த்தெனான் கோயிலை ஒட்டித் தன் புதிய ஆடைத் தொகுப்பை அறிமுகப்படுத்த இத்தாலிய நிறுவனமான குச்சி அனுமதி கேட்டிருந்தது. அணிவகுப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். பதிலுக்கு அக்ரோபொலிஸின் சீரமைப்புப் பணிக்கு நிறுவனம் நிதி உதவி செய்யும் என்பது பேச்சு. கிரேக்கம் அப்போது மூன்றாவது மீட்புக் கடனில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. ஓய்வூதியத்தைக்கூடப் பலமுறை வெட்டியிருந்தது. அந்த நிலையிலும், இந்நிகழ்ச்சி அவ்விடத்தின் பண்பாட்டுத் தன்மைக்குப் பொருந்தாது என்று குழு முடிவெடுத்தது. மூன்று மாதம் கழித்து, மே 29 அன்று, அத்தொகுப்பு ஃபிளாரன்ஸ் நகரின் பித்தி அரண்மனையில், ரஃபேலின் ஓவியங்கள் தொங்கும் பலட்டைன் கூடத்தில் அரங்கேறியது. அரண்மனையை ஒட்டிய போபோலி தோட்டத்தைப் புதுப்பிக்க நிறுவனம் 20 லட்சம் யூரோ தர ஒப்புக்கொண்டது.

ஒரே கோரிக்கைக்குப் பழம்பெருமை வாய்ந்த இரண்டு நாடுகள் இரண்டு விடை சொல்லியிருக்கின்றன. ஒன்று கறாரான நாடு, மற்றது தாராளமான நாடு என்று பிரித்துச் சொல்லிவிட்டால் விஷயம் கைநழுவிப் போகும். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கல்லைச் சுற்றியே நடக்கிறது: தூண் அதிருமா, தளம் கீறுமா, விளக்குச் சூட்டில் ஓவியம் வெளுக்குமா என்று. பொறியாளரும் பராமரிப்பாளரும் கூடவே நின்று கவனித்தால் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்க முடியும். ஆண்டு முழுதும் ஏறி இறங்கும் சுற்றுலாக் கூட்டத்தின் தேய்மானத்தோடு ஒப்பிட்டால் ஓர் இரவு நிகழ்ச்சியின் சேதம் சிறியது. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. நிறுவனம் இங்கே தேடி வருவது நான்கு சுவருக்குள் இருக்கும் இடத்தையன்று. அந்த இடத்தின்மேல் பல தலைமுறைகள் சேர்த்துவைத்த மதிப்பைத்தான். விலை பேசும் அரசோ இத்தனை சதுர அடி, இத்தனை மணி நேரம் என்று வாடகைக் கணக்கையே போடுகிறது. விற்கப்படுவதற்கும் விலை போடப்படுவதற்கும் நடுவே விழும் இந்தப் பள்ளத்தில்தான் பொதுமக்களின் இழப்பு இருக்கிறது.

பணக்காரர்களின் ஆடை அரண்மனைக்குள் நுழைந்தது நேற்றைய கதையன்று. 1952 ஜூலையில் ஜியோவன்னி பத்திஸ்தா ஜியோர்ஜினி என்ற வணிகர் இதே பித்தி அரண்மனையின் 'சாலா பியாங்கா' என்னும் வெள்ளைக் கூடத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர்களை ஒன்றுசேர்த்து அணிவகுப்பு நடத்தினார். போரில் நொறுங்கிய நாட்டின் துணித் தொழிலுக்கு அமெரிக்க வாங்குநர்களை அழைத்துவர, ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் அரண்மனை தேவைப்பட்டது. பாரிஸுக்கு வெளியேயும் நாகரிகம் உண்டு என்பதற்கு அந்தச் சுவர்களே சாட்சி சொல்லின. 1973 நவம்பரில் பாரிஸை அடுத்த வெர்சாய் அரண்மனையில் ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்களும் ஐந்து அமெரிக்க வடிவமைப்பாளர்களும் எதிரெதிரே நின்றார்கள். அரண்மனையின் பழுதுபார்ப்புக்கு நிதி திரட்டவே அந்த இரவு ஏற்பாடாயிற்று. அமெரிக்க அணியில் நடந்த கறுப்பினப் பெண்கள் அன்று பிரெஞ்சு அவையை எழுந்து நிற்கவைத்தது ஃபேஷன் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. இவ்விரு நிகழ்ச்சிகளும் அந்தந்த நேரத்தின் குறிப்பிட்ட தேவையால் பிறந்தவை. இன்று நடப்பது ஆண்டுதோறும் திரும்பி வரும் ஒரு தொழில்முறை. குளிர்காலத்தில் வெயில் தேடிக் கப்பலேறும் செல்வந்தர்களுக்காகத் தைக்கப்பட்ட 'க்ரூஸ்' தொகுப்புகள், பாரிஸ், மிலான் நகரங்களின் வழக்கமான ஃபேஷன் வாரங்களுக்குள் அடங்காதவை. எங்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்ற அந்தச் சுதந்திரத்தைப் பெரிய நிறுவனங்கள் போட்டியாக மாற்றின. 2007 அக்டோபரில் ஃபெண்டி நிறுவனம் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்டின் தலைமையில் சீனப் பெருஞ்சுவரின்மேல் 88 மாடல்களை நடக்கவிட்டது. அதன்பிறகு மராகேஷின் எல் பாதி அரண்மனை, சிசிலியின் அக்ரிஜெந்தோ கோயில் வெளி, கிசா பிரமிடுகள், சியோலின் கியோங்பொக்குங் அரண்மனை, மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா, அவிஞ்ஞோனின் போப்பாண்டவர் மாளிகை என்று பட்டியல் நீள்கிறது. கைப்பேசித் திரைதான் இதற்கு வேகம் கொடுத்தது. பார்வையாளர் வரிசையில் அமர்வோர் சில நூறு பேர். படத்தைப் பார்ப்போர் பல கோடி.

அந்தப் படம்தான் சரக்கு. மேடையைப் பிரித்து மறுநாள் லாரியில் ஏற்றிவிடலாம். படம் எந்தக் காலக்கெடுவும் இல்லாமல் நிறுவனத்தின் சொத்தாகத் தங்கிவிடுகிறது. நினைவுச் சின்னத்தின் உருவத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பது சட்டத்துக்குத் தெரியாததல்ல. இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தொகுப்பு, கலைச்செல்வத்தின் வரலாற்றுத் தன்மைக்கோ கலைத் தன்மைக்கோ ஒவ்வாத பயன்பாட்டைத் தடுக்கிறது. அதன் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தத் தனி அனுமதியும் கட்டணமும் கேட்கிறது. மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையை ஒரு மாடலின் உடலோடு கலந்து அட்டைப்படம் போட்ட ஜிக்யூ இத்தாலியா இதழின் பதிப்பகம் 50,000 யூரோ செலுத்த வேண்டும் என்று 2023இல் ஃபிளாரன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொகையில் ஒரு பகுதி படத்தைப் பயன்படுத்தியதற்கான கட்டணம். மறு பகுதி சிலையின் மாண்பைத் திரித்ததற்கான ஈடு. பொத்திச்செல்லியின் வீனஸ் ஓவியத்தை அனுமதியின்றி ஆடையில் அச்சிட்டதற்காக ஷான் பால் கோத்தியே நிறுவனத்தின் மீது உஃபிஸி அருங்காட்சியகம் 2022இல் வழக்குத் தொடுத்தது. பொதுக்களத்துக்கு வந்துவிட்ட பழங்கலையின்மீது அரசு இவ்வளவு உரிமை கொண்டாடலாமா என்று சட்ட அறிஞர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. சாதாரண மனிதர் ஒருவர் தாவீதைப் படமாக்குவதற்கு வரி போடக் கூடாது. ஆனால் ஓர் அட்டைப்படத்துக்கே இப்படி மதிப்பிடும் நாட்டில், முழு அரண்மனையும் உயிரோடு ஒரு நிறுவனத்தின் விளம்பரத்துக்குள் நுழையும்போது அந்த மதிப்பீடு எங்கே போகிறது?

ரோம் நகரின் த்ரெவி நீரூற்றை எடுத்துக்கொள்வோம். இவ்வகை ஒப்பந்தங்களில் மிக நேர்த்தியானதாக அதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் உண்மையும் இருக்கிறது. 2013இல் ஃபெண்டி நிறுவனம் நீரூற்றைப் புதுப்பிக்கச் சுமார் 22 லட்சம் யூரோ தருவதாக அறிவித்தது. ஃபெண்டி ரோமிலேயே பிறந்து வளர்ந்த நிறுவனம். வெளியூரார் வந்து சொந்தம் கொண்டாடியதாகக் குறை சொல்ல முடியாது. 2014இல் தொடங்கிய பணி 2015 நவம்பரில் முடிந்து பளிங்கு வெளுத்தது. 2016 ஜூலை 7 அன்று நிறுவனத்தின் 90ஆம் ஆண்டு விழாவுக்காக நீரின்மேல் கண்ணாடிபோல ஒரு நடைமேடை அமைத்தார்கள். மாடல்கள் தண்ணீரின்மீது நடப்பதாகத் தோன்றிய அந்தப் படம் உலகம் சுற்றியது. முதலில் கொடை, பணி முடிந்து நீரூற்றை மக்களிடம் ஒப்படைத்த பிறகே விழா என்ற வரிசை மதிக்கத்தக்கது. இப்போது கணக்குக்கு வருவோம். அந்த நீரூற்றில் முதுகைக் காட்டி நின்று சுற்றுலாப் பயணிகள் எறியும் நாணயங்களை ரோம் நகராட்சி அள்ளிக் காரித்தாஸ் அறநிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அணிவகுப்பு நடந்த 2016ஆம் ஆண்டில் மட்டும் அப்படிச் சேர்ந்தது சுமார் 14 லட்சம் யூரோ. ஃபெண்டி கொடுத்த தொகை, ஊர்பேர் தெரியாத பயணிகள் இரண்டு ஆண்டுக்கும் குறைவான காலத்தில் எறிந்துவிட்டுப் போகும் சில்லறைக்குச் சமம். அவர்களில் எவர் பெயரும் நீரூற்றோடு ஒட்டிக்கொள்ளவில்லை. அதற்காக நாணயப் பணத்தை ஏழைகளிடமிருந்து பிடுங்கிப் பளிங்குக்குச் செலவிடு என்று சொல்ல வரவில்லை. அந்த நீரூற்றின் மதிப்பை உண்டாக்குவது யார் என்பதை இந்தக் கணக்குக் காட்டுகிறது. தூரதேசத்திலிருந்து வந்து நாணயம் எறிபவரின் ஆசைதான் த்ரெவியின் புகழ். அந்தப் புகழில்தான் நிறுவனம் நடைமேடை போட்டது.

போபோலி தோட்டக் கணக்கும் இதே கதையைச் சொல்கிறது. குச்சி நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு விற்பனை சுமார் 620 கோடி யூரோ. ஒரு நாளைக்கு ஒரு கோடியே 70 லட்சம் யூரோ என்று வைத்தால், தோட்டத்துக்குக் கொடுத்த 20 லட்சம் மூன்று மணி நேர விற்பனைக்கும் குறைவு. கொடை சிறிதென்று யாரையும் இகழ வேண்டியதில்லை. எந்தக் கொடையும் வரவேற்கத்தக்கதே. அதைக் கொடை என்றே அழைத்து, கொடையாகவே பெற்றுக்கொண்டால் பிரச்சினை இல்லை. அனுமதிக் கடிதமும் காசோலையும் ஒரே மேசையில் கைமாறும்போது அது கொடை என்ற தகுதியை இழந்து விலையாகிவிடுகிறது. விலை என்று வந்துவிட்டால், அது சரியான விலையா என்று கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. உரிமையாளர் மக்கள்.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு எழும். அரசுகளிடம் பணம் இல்லை, பழங்கட்டடங்கள் இடிந்துகொண்டிருக்கின்றன, பணக்கார நிறுவனம் ஒன்று வந்து பழுதுபார்த்துத் தருகிறேன் என்றால் ஓர் இரவு அணிவகுப்பைப் பொறுத்துக்கொள்வதுதான் அறிவுடைமை, கொள்கை பேசிக்கொண்டிருந்தால் கல் காத்திருக்குமா என்பது அந்த மறுப்பு. கட்டடம் விழுந்த பிறகு மாண்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது உண்மைதான். ஆனால் அணிவகுப்பு இல்லாவிட்டால் பணம் வராது என்ற முன்முடிவு சரியா? 2011இல் தோட்ஸ் காலணி நிறுவனத்தின் தலைவர் தியேகோ தெல்லா வல்லே கொலோசியத்தைச் சீரமைக்க 2.5 கோடி யூரோ தர ஒப்பந்தம் செய்தார். அந்தத் தொடர்பின் பெயரால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் சலுகைகள் பற்றி வழக்குகள் நடந்தன, பணி தாமதமானது. ஆனாலும் அரங்கின் உள்ளே நடைமேடை எதுவும் போடாமலே 2016இல் வெளிமுகப்புத் தூய்மையாகி நின்றது. 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர்தாம் பேராலயம் எரிந்தபோது, ஃபெண்டியையும் டியோரையும் உடைமையாகக் கொண்ட எல்விஎம்ஹெச் குழுமமும் அதன் உரிமையாளர் குடும்பமும் 20 கோடி யூரோ அறிவித்தார்கள். குச்சியை உடைமையாகக் கொண்ட கெரிங் குழுமத்தின் உரிமையாளர் குடும்பம் 10 கோடி யூரோ அறிவித்தது. பேராலயத்தில் அணிவகுப்பு நடத்த வேண்டுமென்று யாரும் நிபந்தனை போடவில்லை. இத்தாலி 2014இல் 'ஆர்ட் போனஸ்' என்ற வரிச்சலுகையைக் கொண்டுவந்து, பண்பாட்டுச் சொத்துக்குக் கொடுக்கும் நன்கொடையில் 65 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றது. கொடுப்பவருக்கு நியாயமான ஊக்கம் தர அரசிடம் வழி இருக்கிறது. பணம் ஒரு வாசல் வழியாக வரட்டும்; அனுமதி மறு வாசலில் தனியாகத் தீர்மானிக்கப்படட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இந்தச் சின்னங்கள் எப்போது தூயவையாக இருந்தன? த்ரெவியைக் கட்டத் தொடங்கியது போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமென்ட். அவர் பெயர் அதன் நெற்றியிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பித்தி அரண்மனை வங்கிக்காரர் ஒருவரின் பகட்டில் தொடங்கியது. கேட்வே ஆஃப் இந்தியா 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதை நினைவுகூரக் கட்டப்பட்டு 1924இல் திறக்கப்பட்ட ஏகாதிபத்திய வளைவு. அதிகாரமும் செல்வமும் தங்களைக் காட்டிக்கொள்ளக் கட்டியவற்றில் இன்றைய செல்வம் தன்னைக் காட்டிக்கொள்வதில் என்ன புதுமை என்று கேட்கலாம். வரலாற்றுச் செய்தியாக இது முழுக்கச் சரி. ஆனால் கட்டியவர் நோக்கம் ஒரு கட்டடத்தின் பொருளை என்றைக்குமாகக் கட்டிப்போடுவதில்லை. 1948 பிப்ரவரி 28 அன்று பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு அதே கேட்வே வளைவின் கீழே நடந்து கப்பலேறிப் போனது. மன்னர் வருகைக்குக் கட்டிய வாசல், ஆட்சி வெளியேறிய வாசலாயிற்று. அதன்பின் கடற்காற்றுக்கு வருவோரும், படகேறிக் காராபுரித் தீவுக்குப் போவோரும், வாடகைக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளும் வெளியூர்க் குடும்பங்களும் அதை மும்பைக்காரர்களின் முற்றமாக்கினார்கள். அரசர்களிடமிருந்து மக்கள் கைக்கு வந்துசேர்ந்த பொருள் அது. முன்பு ஒரு மன்னருக்குச் சொந்தமாயிருந்ததால் இப்போது ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்பது, நடுவில் நடந்த அந்த உரிமை மாற்றத்தையே இல்லையென்று ஆக்குகிற வாதம்.

புரவலர் பெயரைப் பொறிப்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. முதலாம் இராசராசன் அந்தக் கோயிலைத் தன் புகழுக்காகவும் கட்டினான் என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. கோயிலுக்கே தன் பெயரைச் சூட்டியவன் அவன். ஆனால் தான் கொடுத்ததையும், தமக்கை குந்தவை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலேயே வெட்டச் செய்தான். பொன்னின் எடை, விளக்கின் எண்ணிக்கை, எந்த ஊர் நிலம், எவ்வளவு நெல் என்று நிறுத்தும் அளந்தும் எழுதியிருக்கிறது. அங்கு ஆடற்பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அதே சுவரில் இருக்கின்றன. கோயில் பணியாளர் வரிசையில் தையல் வேலை செய்யும் தையானுக்கும், மணிகள் பதித்துத் தைக்கும் இரத்தினத் தையானுக்கும் உரிய பங்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பேரரசன் செய்த கணக்கு ஒப்படைப்பு இது. இன்று ஒரு நினைவுச் சின்னம் ஓர் இரவுக்குக் கைமாறும்போது எத்தனை பணம், எந்தக் கணக்கில், என்ன நிபந்தனையோடு, படத்தின் உரிமை யாருக்கு, தைத்தவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் வணிக இரகசியம் என்ற உறைக்குள் போய்விடுகிறது.

தைத்தவர் என்ற சொல்லோடு மும்பைக்குப் போக வேண்டும். 2023 மார்ச் 30 அன்று டியோர் நிறுவனம் தன் தொகுப்பொன்றை கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னால் அரங்கேற்றியது. வளைவின் வாயிலை நிறைத்துக்கொண்டு, நம் வாசல்களில் கட்டும் தோரணத்தின் பேருருவாக, கைத்தையலால் ஆன ஒரு திரை தொங்கியது. அதைச் செய்தவர்கள் மும்பையின் சாணக்கியா தையற்கூடத்தைச் சேர்ந்த கைவினைஞர்கள். அப்போதைய தலைமை வடிவமைப்பாளர் மரியா கிராத்சியா கியூரி அக்கூடத்தோடு பல்லாண்டுத் தொடர்புடையவர். அதன் தலைவி கரிஷ்மா ஸ்வாலி ஆண்களின் தொழிலாகவே இருந்துவந்த எம்பிராய்டரியில் பெண்களுக்குப் பயிற்சி தரும் பள்ளியையும் நடத்துகிறார். இந்நிகழ்ச்சிக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க மிகப் பெரிய நியாயம் இதுதான். பாரிஸ் ஆடைகளில் மின்னும் மணி வேலையிலும் ஜரிகை வேலையிலும் பெரும்பங்கு இந்தியக் கைகளால் செய்யப்படுகிறது என்பதைத் தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள், வாங்குவோர் அறிவதில்லை. சென்னைக்கும் இதில் பங்கு உண்டு: பாரிஸின் புகழ்பெற்ற லெசாஜ் எம்பிராய்டரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஷான் ஃபிரான்சுவா லெசாஜ் 1993இல் இங்கு நிறுவிய வஸ்த்ரகலா, ஐரோப்பிய மாளிகைகளின் திரைகளுக்கும் இருக்கைகளுக்கும் தையல் செய்து அனுப்பிவருகிறது. இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்த உழைப்பு, மும்பையின் முகமாகிய கட்டடத்தின் முன்னால் பெயரோடு அறிவிக்கப்பட்டது சிறிய செய்தியன்று. அக்ரோபொலிஸில் குச்சிக்குக் கிடைத்திருக்க முடியாத ஒரு காரணம் டியோருக்கு மும்பையில் இருந்தது. அந்த ஊரோடு அதற்கு உண்மையான தொழில் உறவு உண்டு.

இருந்தும் அந்த உறவை முழுதாகப் பார்த்தால் மனம் நிறைவடையவில்லை. மும்பையின் எம்பிராய்டரிக் கூடங்கள் எல்லாம் சாணக்கியா போன்றவை அல்ல. பெரிய கூடத்துக்கு வரும் வேலை துணை ஒப்பந்தமாகக் கைமாறி, உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த கைவினைஞர்கள் நெருக்கமான அறைகளில் குனிந்து தைக்கும் இடங்கள் வரை இறங்குகிறது. அவர்களின் நிலையை மேம்படுத்தப் பெரிய நிறுவனங்கள் சில 2016இல் 'உத்தான்' என்ற உடன்பாட்டில் சேர்ந்தன; அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. மருத்துவக் காப்பீடோ வேலைப் பாதுகாப்போ இல்லாத கூடங்கள் அதற்குப் பிறகும் இருந்ததை 2020இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. ஆக, ஒரு கூடத்தின் பெயர் மேடையில் ஒளிர்வது நல்ல தொடக்கமே தவிர, கணக்குத் தீர்ந்ததற்கு அத்தாட்சி ஆகாது. கேட்வே மகாராஷ்டிர அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் இருந்த அரசுக்கு நிபந்தனை விதிக்கும் அதிகாரமும் இருந்தது. இந்த மேடையில் வரும் ஆடைகளைத் தைத்த அனைத்துக் கூடங்களின் பட்டியலையும் கூலி விவரத்தையும் வெளியிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அதற்கு அரசுக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாயும் செலவாகியிராது. கைவினைஞருக்குக் கிடைத்திருக்கக்கூடியது எந்த வாடகையைவிடவும் பெரிது.

மக்களுக்கு வழி அடைபடுவது இன்னொரு இழப்பு. 2016 மே 3 அன்று ஷனெல் நிறுவனம் ஹவானாவின் பாசேயோ தெல் பிராதோ என்னும் மரநிழல் சாலையை அணிவகுப்புக்கு எடுத்துக்கொண்டது. அது ஊர் மக்கள் மாலையில் உலாவும் பொதுச்சாலை. அன்று அவர்கள் தடுப்புக்கு அப்பால் நின்றும் மாடிகளிலிருந்து எட்டியும் பார்த்தார்கள். மாதச் சம்பளம் சில பத்து டாலராக இருந்த ஊரில் காட்டப்பட்ட ஆடை எதையும் அவர்கள் வாங்கப் போவதில்லை. வாங்க அந்த நகரில் ஷனெல் கடையும் இல்லை. சியோலில் நடந்தது இதைவிடச் சற்று மேல். 1395இல் எழுந்து, ஜப்பானிய ஆட்சியில் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, இன்று கட்டம் கட்டமாக மீட்கப்படும் கியோங்பொக்குங் அரண்மனையின் வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. குச்சி அங்கு அணிவகுத்த 2023 மே 16 ஒரு செவ்வாய். பார்வையாளர் எவருக்கும் நுழைவு மறுக்கப்படவில்லை. அரண்மனை மரபுகளைப் பேண நிறுவனம் உதவும் என்ற உடன்பாடும் இருந்தது. ஆனால் விருந்து அருகிலுள்ள கட்டடத்தில் நள்ளிரவு வரை நீண்டு, அக்கம்பக்கத்தார் உறக்கம் கெட்டு, காவல்துறைக்குப் புகார் போய், நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அரண்மனைக்குள் எல்லாம் ஒழுங்காகத் திட்டமிட்டவர்கள் மதிலுக்கு வெளியே வாழும் மக்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. இந்தச் சின்னங்கள் ஊருக்கு நடுவே இருக்கின்றன என்பது இவ்வகை ஒப்பந்தங்களில் எளிதாக மறந்துபோகிறது.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசின் முன் நாட்டிய விழா நடத்தினோமே, ஏதென்ஸிலும் அக்ரோபொலிஸின் அடிவாரத்தில் உள்ள ஹெரோதெஸ் அட்டிகஸ் அரங்கில் பல்லாண்டுகள் கோடைதோறும் இசையும் நாடகமும் நடந்தனவே, ஆடைக்கு மட்டும் ஏன் இந்தத் தீட்டு என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வரும். இக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆடையை அற்பக் கலை என்று ஒதுக்கும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. பெண்கள் சம்பந்தப்பட்டது என்பதாலேயே அதை அற்பமாகக் கருதுவதும் அதில் கலந்திருக்கிறது. நெசவையும் தையலையும் உயர்ந்த கலையாகவே நான் கருதுகிறேன். நல்ல ஆடை வடிவமைப்பு சிற்பத்தோடு பக்கத்தில் நிற்கத் தகுந்தது. வேறுபாடு கலைத் தரத்தில் இல்லை. யார் அழைக்கப்படுகிறார், எது விற்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. மாமல்லபுர விழாவில் ஊர்க்காரரும் வெளியூர்ப் பயணியும் உட்கார்ந்து பார்க்கலாம். அரசே நடத்துவதால் சிற்பத்தின் புகழ் எந்தக் கடையின் கைப்பையோடும் ஒட்டிக்கொள்வதில்லை. ஹெரோதெஸ் அரங்கு ஆதியிலிருந்தே அரங்கு. அதில் நிகழ்ச்சி நடத்துவது அதன் இயல்பு. கிரேக்கர்கள் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்குப் பின்னால் நடந்ததே சான்று. அக்ரோபொலிஸில் குச்சியை மறுத்த அதே நாடு, 2021 ஜூன் 17 அன்று பனாதினைக்கோ பளிங்கு விளையாட்டரங்கில் டியோர் அணிவகுப்பை நடத்தவிட்டது. 1896இல் நவீன ஒலிம்பிக் போட்டிகள் நடந்த அந்த அரங்கு கூட்டம் கூடிக் காட்சி பார்ப்பதற்காகவே கட்டப்பட்டது. நினைவுச் சின்னங்களைச் சமூகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது விரும்பத்தக்கது என்று 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் சொல்கிறது. அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றாத பயன்பாடு என்ற எல்லையை அதே மூச்சில் வகுக்கிறது. சமூகப் பயன் என்ற சொல்லை அழைப்பிதழ் உள்ளவர்களின் பயன் என்று சுருக்கிப் படிக்க முடியாது.

நம் நாட்டுச் சட்டம் இதில் பேச்சற்று நிற்கவில்லை. 1958ஆம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டத்தின் கீழ் 1959இல் வகுக்கப்பட்ட விதிகள், மத்திய அரசின் எழுத்து மூலமான அனுமதியில்லாமல் பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ விருந்தோ கேளிக்கையோ நடத்தக் கூடாது என்கின்றன. வழிவழியாக வரும் சமய வழக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் எந்த அளவுகோலால் அந்த அனுமதி கொடுக்கப்படுகிறது என்பது மக்களுக்கு எட்டுவதில்லை. 2018 டிசம்பரில் தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் வாழும் கலை அமைப்பு நிகழ்ச்சி நடத்தத் தொல்லியல் துறை அனுமதி கொடுத்திருந்தது. வளாகத்துக்குள் பந்தல் எழுந்த பிறகுதான் ஊர் விழித்தது. வழக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்து, நிகழ்ச்சி வேறிடத்துக்கு மாறியது. அது ஆடை அணிவகுப்பு அன்று, நோய் ஒன்றுதான். பந்தல்கால் நட்ட பிறகு நீதிமன்றத்துக்கு ஓடவேண்டியிருப்பது, முடிவெடுக்கும் இடத்தில் மக்கள் இல்லை என்பதன் விளைவு.

எனவே கதவை அடியோடு சாத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அக்ரோபொலிஸ் போலத் தன் பொருளாலேயே நிற்கும் இடங்களுக்கும், வழிபாடு நடக்கும் இடங்களுக்கும் மறுப்பே சரியான விடை. விலை ஏறினாலும் அந்த விடை மாறக் கூடாது. மற்ற இடங்களில், விண்ணப்பம் வந்த நாளிலேயே அதை வெளியிட்டு மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். பராமரிப்புக்கு வரும் கொடைக்கும் அனுமதிக்கும் இடையில் குறைந்தது சில ஆண்டு இடைவெளி இருக்க வேண்டும். படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமைக்குக் காலவரம்பு வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வோர் ஆண்டும் கட்டணம். பொதுமக்களின் நுழைவு நேரத்தில் கை வைக்கக் கூடாது. இருக்கைகளில் ஒரு பங்கு அந்தச் சின்னத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கும், அந்த ஆடைகளைத் தைத்தவர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இத்தனை நிபந்தனை போட்டால் எந்த நிறுவனம் வரும் என்று கேட்பவர்கள், 2023இல் எல்விஎம்ஹெச் குழுமத்தின் விற்பனை 8,600 கோடி யூரோவைத் தாண்டியதை நினைத்துப் பார்க்க வேண்டும். வேறு எங்கும் வாங்கக் கிடைக்காத மதிப்பைத் தேடி வருபவர்கள் அவர்கள். பேரம் பேசும் வலு நம் பக்கம் இருக்கிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நினைவுச் சின்னம் ஒன்று எந்த நிகழ்ச்சிக்காக அடைக்கப்பட்டாலும், அதன் ஒப்பந்தத்தையும் கட்டணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். வணிக இரகசியம் என்று 8ஆம் பிரிவைக் காட்டி மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். பெரும் பொதுநலன் இருந்தால் அந்த விவரத்தையும் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. தகவல் கேட்டு மத்தியத் தொல்லியல் துறைக்கு அனுப்பும் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.